சிதறியவற்றின் உறவைக் கண்டவர்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே எண்ணற்ற பாறைகள் கதிரவனைச் சுற்றி வருகின்றன. அவை சிறுகோள்கள் எனப்படும். அவற்றுள் முதலாவதாகிய சீரிஸ் 1801-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதன்பின் புதிய சிறுகோள்களைத் தேடுவதில் வானியலார் பலர் முனைந்தனர். அவற்றுள் பல, ஒரே தாயிடமிருந்து பிறந்த குடும்பங்கள் என விளக்கியவர் ஜப்பானிய வானியலறிஞர் கியோட்சுகு ஹிராயமா ஆவார்.

இளமையும் பணியும்

இவர் 1874-இல் செண்டாய் நகரில் பிறந்தார். டோக்கியோவில் வானியல் பயின்று, பின்னர் அங்கேயே பேராசிரியரானார். 1905-இல் ரஷ்ய - ஜப்பானியப் போர் முடிவுற்றபோது, சகாலின் தீவை 50 பாகை வட அகலாங்கில் இரு நாடுகளும் பிரித்துக்கொண்டன. நிலத்தில் கோடு ஏதும் இல்லை. விண்மீன்களை அளந்தே எல்லையைக் குறிக்க வேண்டியிருந்தது. அப்பணியில் ஹிராயமாவும் ஈடுபட்டார்.

புள்ளியும் பாதையும்

1900-இல் ஷின் ஹிராயமா என்னும் மற்றோர் அறிஞர் டோக்கியோவில் இரண்டு சிறுகோள்களைக் கண்டார். ஆனால், அவற்றின் சுற்றுப்பாதையை உறுதிசெய்யப் போதிய அளவீடுகள் கிடைக்கவில்லை. பின்னாளில் அவற்றை மீண்டும் கண்ட ஐரோப்பியருக்கே கண்டுபிடித்த பெருமை சேர்ந்தது. எனினும், அவை டோக்கியோ, நிப்போனியா என்னும் ஜப்பானியப் பெயர்களைப் பெற்றன. ஒளிப்புள்ளியைக் காண்பது மட்டும் போதாது; அதன் பாதையையும் அறிதல் வேண்டும்.

குடும்பங்கள் வெளிப்பட்டன

அத்தகைய பாதைகளையே கியோட்சுகு ஹிராயமா ஆராய்ந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கா சென்று, யேல் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் பிரவுன் என்னும் அறிஞரிடம் பயின்றார். வியாழனின் ஈர்ப்பு சிறுகோள்களின் பாதைகளைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால், ஒன்றாகப் பிறந்தவையும் காலப்போக்கில் தொடர்பற்றவைபோலத் தோன்றும். ஹிராயமா அம்மாற்றத்தைக் கணக்கிட்டு நீக்கினார். கணினி இல்லாத அக்காலத்தில் ஏறத்தாழ 800 சிறுகோள்களின் பாதைகளை ஒப்பிட்டார்.

அப்போது ஓர் உண்மை புலனாயிற்று. சில சிறுகோள்களுக்குக் கதிரவனிடமிருந்து உள்ள சராசரித் தொலைவு, பாதையின் நீள்வட்ட அளவு, சாய்வு ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒத்திருந்தன. இது தற்செயலாக நேர்ந்திருக்க இயலாது; முன்னொரு காலத்தில் உடைந்த ஒரே பெரும்பாறையின் துண்டுகளே அவை என அவர் முடிவு செய்தார். 1918-இல் கொரோனிஸ், ஈயோஸ், தெமிஸ் என்னும் மூன்று குடும்பங்களை உலகிற்கு அறிவித்தார்.

நிலைத்த புகழ்

ஹிராயமா 1943-இல் மறைந்தார். சரியாக 50 ஆண்டுகளுக்குப் பின், கலீலியோ விண்கலம் ஐடா என்னும் சிறுகோளை அருகிலிருந்து படம் பிடித்தது. அது கொரோனிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததாகும். எண்களின் வழியே ஹிராயமா அறிந்த குடும்பத்தின் உறுப்பு ஒன்றை மனிதர் அண்மையில் கண்டனர். இன்று 1999 என்னும் எண்ணுடைய சிறுகோள் அவர் பெயரைத் தாங்கி வலம் வருகிறது. நிலவின் பள்ளம் ஒன்று, ஹிராயமா என்னும் பெயர்கொண்ட அவ்விரு அறிஞரையும் நினைவூட்டுகிறது.

சொற்பொருள்

முனைந்தனர் – ஊக்கத்துடன் ஈடுபட்டனர்
புலனாயிற்று – தெளிவாகத் தெரிந்தது
அண்மை – அருகு

வினாக்கள்

1. சகாலின் தீவில் எல்லை எவ்வாறு குறிக்கப்பட்டது?
2. ஷின் ஹிராயமாவுக்குக் கண்டுபிடித்த பெருமை கிடைக்காதது ஏன்?
3. சிதறிய சிறுகோள்கள் ஒரே குடும்பத்தின என்பதைக் கியோட்சுகு ஹிராயமா எவ்வாறு அறிந்தார்?