பிடியரிசியும் பெருந்தலைவரும்

உலகில் தர்மங்கள் பல. அவற்றுள் பசித்த குழந்தைக்கு அன்னமிடுதலினும் உயர்ந்தது ஒன்று உண்டென்று நாம் கருதவில்லை. வளர்ந்தவர் தம் பசியை வாய்விட்டுச் சொல்வர். குழந்தையோ அதனைச் சொல்லவும் அறியாது, பாடம் ஏறாத மந்தமென்று பழிக்கப்பட்டு, பள்ளிக்கூடத்து மூலையில் சோர்ந்து உறங்கிவிடும். அத்தகைய குழந்தைகளைப் பள்ளிக்கூடத்திலேயே உண்பித்த ஒரு பெரியாரின் சரித்திரத்தை இங்கே சுருக்கமாக எழுத முற்பட்டோம். அவர் பிறந்த மரபிலே நாமும் பிறந்தோம் என்று பெருமை பேசுதற்காக அன்று. அவருக்கு நாம் பட்டுள்ள கடன் யாதென்று அறிதற்காகவே.

விருதுபட்டி என முன்னர் வழங்கிய விருதுநகரில், 1903-ஆம் வருஷம் ஜூலை மாதம் 15-ஆம் தேதி, குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார் காமராஜர். அக்காலத்தில் நம்மவர் நிலை எத்தகையதாயிருந்தது என்பதை நம் இளைஞர் அறிந்திருத்தல் அவசியம். பல ஊர்களில் கோயில் வாயில்கள் நமக்கு அடைபட்டிருந்தன. அவர் பிறப்பதற்கு நான்கு வருஷங்களுக்கு முன்னர், 1899-இல் நிகழ்ந்த சிவகாசிக் கலகத்தின் வடு ஆறாதிருந்த காலம் அது. பிறர் வந்து கதவு திறப்பரென்று நம் முன்னோர் காத்திருக்கவில்லை. வாங்கி விற்கும் சரக்கின்மீது சிறு தொகையை மகமையென ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்தனர். பேட்டைகளும் கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் அந்நிதியால் எழுந்தன.

அவ்வாறு எழுந்தவற்றுள் ஒன்று விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை. கடையுள்ளவர் மகமை தந்தனர். கடையில்லாத வீட்டாரும் கல்விக்கு உதவ வேண்டுமே! அதற்கென ஏற்பட்டதே பிடியரிசி. நாள்தோறும் உலையிலிடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுதல் வீட்டுப் பெண்மக்களின் வழக்கமாயிற்று. வீடுதோறும் திரட்டப்பெற்ற அவ்வரிசி பள்ளிக்கூடத்தைத் தாங்கிற்று. கொடுத்தவர் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. செல்வர் பிடியும் ஏழையின் பிடியும் கலயத்துள் வீழ்ந்தபின் வேறுபாடற்று ஒன்றாயின. ஈகையின் இலக்கணம் இதனினும் வேறு யாது?

அப்பள்ளியிலேதான் சிறுவர் காமராஜர் பயின்றார். விநாயக சதுர்த்தியன்று பள்ளியில் பிரசாதம் வழங்கப்பட்டபோது, மற்றைச் சிறுவர் முண்டியடித்து நிறையப் பெற்றனர் என்றும், இவர் ஒதுங்கி நின்றமையால் சிறிதளவே கிடைத்தது என்றும், வீட்டார் வினவியபோது எல்லோரும் ஒரே அளவாய்ச் சந்தா கொடுத்திருக்க ஒழுங்காகப் பங்கிட்டுக் கொடுப்பதன்றோ முறை என்று இவர் விடையிறுத்தார் என்றும் ஒரு வரலாறு கூறுவதுண்டு. வலியவன் கைக்கு மிகுதியும் எளியவன் கைக்குக் குறைவும் சேரலாகாது என்னும் எண்ணம் அவர் வாழ்நாள் முழுவதும் விளங்கியமையால், இவ்வரலாறு அவருக்குப் பொருந்துவதே.

ஆறு வயதளவில் தந்தையார் காலமாயினார். குடும்பச் சுமை மிகுந்தமையால், பன்னிரண்டு வயது நிரம்புமுன்னரே படிப்பு நின்றது. மாமன் கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடையில் அமர்ந்தார். ஊரார் பிடியரிசியால் நடந்த பள்ளிக்கூடம் வீட்டின் அருகிலேயே இருந்தும், வீட்டின் வறுமை அச்சிறுவரை வெளியே இழுத்துவிட்டது. கல்வியை இலவசமாக்கினால் மட்டும் போதாது, வயிற்றுக்கும் வழிசெய்தல் வேண்டும் என்னும் உண்மையை அவர் எந்த நூலிலும் கற்கவில்லை. தம் வாழ்விலேயே கற்றார்.

பின்னர் அவர் காங்கிரஸில் சேர்ந்து தேசத்தொண்டில் இறங்கினார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின் பொருட்டுச் சிறை சென்றார். அவர் சிறையில் கழித்த நாட்கள் அனைத்தும் கூடினால் 3,000-க்கும் மேலாகும். 1941-இல் சிறையிலிருந்தபோதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும், அப்பதவிக்குரிய கடமையைத் தம்மால் நிறைவாகச் செய்ய இயலாதெனக் கருதி உடனே ராஜிநாமாச் செய்தார். இங்கே ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. அந்நாளில் நம் பெரியோர் பலர் நீதிக்கட்சியின் பக்கம் நின்றனர்; காமராஜர் அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். ஜாதிச் சங்கத்தின் நிழலில் ஒதுங்கி அவர் அரசியல் நடத்தியவர் அல்லர். எனவே அவரை நம்முடையவர் என்று மட்டும் கொண்டாடுதல் அவரைக் குறைத்துக் கூறுவதாகவே முடியும்.

1954-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ஆம் தேதி அவர் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். பிள்ளைகளுக்கு அரைநாள் மட்டும் பள்ளி என வகுத்திருந்த திட்டத்தைக் கைவிட்டார். ஊர்தோறும் பள்ளிகள் பெருகின. ஆயினும் ஏழைப் பிள்ளைகள் வரவில்லை, வந்தவரும் நிலைக்கவில்லை. ஆடு மேய்த்தால் அரை வயிற்றுக் கஞ்சியாவது கிடைக்குமே! இதற்கு மருந்து பள்ளியிலேயே உணவளித்தல் என்று அவர் துணிந்தார். இத்துறையில் முன்னோடியும் உண்டு. 1920-இல், சர் பி. தியாகராய செட்டியார் காலத்தில், சென்னை நகரசபையார் ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தம் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளித்தனர். ஒரு நகரில் அரும்பிய அம்முயற்சியை ராஜ்யம் முழுவதற்கும் ஆக்க விழைந்தார் காமராஜர்.

பணத்துக்கு எங்கே போவது என்று ஐயுற்றோர் பலர். காமராஜர் அஞ்சவில்லை. கல்வித்துறையில் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் அவருக்கு உறுதுணையானார். சர்க்கார் பணத்தை எதிர்பாராது, முதலில் ஊராரையே அழைத்தனர். 1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் பகலுணவு தொடங்கிற்று. ஊருக்கு ஊர் குழுக்கள் அமைந்தன. உழவர் நெல் அளந்தனர். தோட்டமுடையார் காய்கறி ஈந்தனர். சிலர் விறகும் பாத்திரமும் தந்தனர். ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டினர். அடுத்த வருஷம் சர்க்கார் பெரும்பங்கு ஏற்க, எஞ்சியதை ஊரார் ஏற்றனர். 1958 முதல் கூடிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நிலமும் கட்டடமும் பலகையும் மணியும் மக்களால் குவிந்தன. நம்மவர் வீட்டுக் கலயத்தில் தொடங்கிய பிடியரிசி, அன்று எல்லா ஜாதியார் வீட்டிலிருந்தும் புறப்பட்டு, எல்லா ஜாதிக் குழந்தைகளின் இலைக்கும் சென்றது. ஒரே பந்தியில் அவர்கள் அமர்ந்துண்டதைக் காண, கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட நம் பாட்டன்மார் இருந்திலரே என்பதே நம் ஏக்கம்.

1963-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி அவர் தாமாகவே பதவியை விட்டு நீங்கினார். 1967-இல் சொந்த ஊராகிய விருதுநகரிலேயே தோல்வியுற்றார். நம்மூர் அவருக்குச் செய்த அச்செயலை நினைத்து நாம் நாணினாலும், அவர் எவரையும் வெறுத்தாரில்லை. மணம் புரியாது, பொருள் சேர்க்காது வாழ்ந்து, 1975-ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று மறைந்தார். அவர் இட்ட அடுப்பு அணையவில்லை. 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15-இல், முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையுணவு அளிக்கும் திட்டத்தை மதுரையில் தொடங்கி வைத்தார்.

சகோதர சகோதரிகளே! சர்க்காரே அன்னமிடும்பொழுது நம் கலயத்துக்கு இனி வேலையென்ன என்று சிலர் கேட்கின்றனர். சர்க்கார் அரிசி அளக்கலாம். ஆனால் பள்ளிக்கு வாராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுவது அண்டை வீட்டாரால் அன்றோ இயலும்? பன்னிரண்டு வயதுக்குள் கடைக்குச் சென்ற ஒரு சிறுவரை அன்று நம் ஊரார் தடுத்து நிறுத்தவில்லை. அவர் தம் முயற்சியால் நாட்டையே ஆளும் தகுதி பெற்றார். எல்லாச் சிறுவரும் அவ்வாறு மீள்வதில்லை. ஆகவே நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில், எந்தக் குலத்துப் பிள்ளையாயினும், பசியாலோ வறுமையாலோ படிப்பை விட்ட ஒரு பிள்ளையைத் தேடிப் பள்ளியில் மீண்டும் சேர்ப்பாராக. அதுவே இன்று நாம் எடுத்து வைக்க வேண்டிய பிடியரிசி.