கார்பெட் சஃபாரிக்கு பிளான் போடுறீங்களா? 20 வருஷம் சரக்கு இறக்கிய ஜிம் கார்பெட்டைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்க்கும் நண்பன், நைட் ஷிஃப்ட் முடிந்து மீஞ்சூருக்குத் திரும்பும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். உத்தரகாண்ட்டில், இமயமலை அடிவாரத்தில் இருக்கும் கார்பெட் புலிகள் காப்பகத்தின் சஃபாரி புக்கிங் பக்கம். நாலு பேர், ஆறு நாள் லீவு, ஏப்ரல் மாதம். கூடவே ஒரு சந்தேகம் வேற. யார் இந்த கார்பெட், புலியைச் சுட்ட வெள்ளைக்காரர்தானே என்று கேட்டிருந்தான்.

ஆமாம்னு ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனா, ராத்திரி முழுக்க கன்டெய்னர்களுக்கு நடுவில் நின்றுவிட்டு வரும் ஒருவனுக்கு அந்த பதில் போதாது. ஏன்னா, ஜிம் கார்பெட் தன் இளமையில் 20 வருஷத்துக்கும் மேல் பார்த்த வேலை புலி வேட்டை இல்லை. ரயிலில் வரும் சரக்கை ஏத்தி இறக்குற கான்ட்ராக்ட்!

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் பிறந்தது நைனிடாலில், 1875 ஜூலை 25 அன்று. அயர்லாந்து வம்சாவளி. ஆனால் இங்கிலாந்தில் சொத்து, சொந்தம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அப்பா கிறிஸ்டோபர் நைனிடாலின் போஸ்ட் மாஸ்டர். வீடு நிறையப் பிள்ளைகள். ஜிம்முக்கு 6 வயது ஆகும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அதன்பிறகு அம்மா மேரி ஜேன்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்.

வெயில் காலத்தில் நைனிடால், குளிர் காலத்தில் மலைக்குக் கீழே இருக்கும் காலாதுங்கி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் காடு. எந்தப் பறவை எந்த விலங்கைப் பார்த்தால் எப்படிக் கத்தும், மணலில் பதிந்த கால்தடம் எத்தனை மணி நேரத்துக்கு முந்தையது என்பதையெல்லாம் அந்தப் பையன் பள்ளிக்கூடப் பாடத்துக்கு முன்னாடியே கற்றுக்கொண்டான். இன்னிக்கு சஃபாரி ஜிப்ஸியில் உங்களோடு வரும் கைடு, வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக் கேட்பாரே, மான் எச்சரிக்கைக் குரல் கொடுக்குதா, லங்கூர் கத்துதா என்று... அதே வித்தைதான்.

மேலே படிக்க வசதி இல்லை. பதின்ம வயது முடியும் முன்பே ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் வேலை என்ன தெரியுமா? ரயில் எஞ்சினுக்கு எரிக்க மரம் வெட்டுவதை மேற்பார்வை பார்ப்பது. பின்னாளில் காட்டைக் காப்பாற்றச் சொன்னவர் காட்டை வெட்டித்தான் முதல் சம்பளம் வாங்கினார்.

கங்கைக் கரையில் ஒரு லோடிங் பாயின்ட்

அடுத்து வந்ததுதான் மொகாமா காட். இன்றைய பீகாரில், கங்கையின் தென்கரை. அப்போது அங்கே பாலம் கிடையாது (ராஜேந்திரா பாலம் வந்ததே 1959-ல்தான்). தெற்கே இருந்து அகலப்பாதையில் வரும் சரக்கை இறக்கி, வடக்கே போகும் மீட்டர்கேஜ் வண்டிகளுக்கு மாற்ற வேண்டும். எல்லாம் மனிதர்களின் தலையிலும் தோளிலும்தான். கிரேன் இல்லை, ஃபோர்க்லிஃப்ட் இல்லை. தேங்கிக் கிடந்த சரக்கைப் பார்த்து எல்லோரும் இந்த வேலை ஆகாது என்றபோது 20 வயது சொச்சத்தில் இருந்த கார்பெட் அந்த கான்ட்ராக்ட்டை எடுத்தார்.

ஆரம்ப மாதங்களில் அவரே மண்வெட்டி பிடித்து நிலக்கரி அள்ளினார். ஸ்டேஷன் மாஸ்டர் ராம்சரணும் கூட நின்று அள்ளினார். கையெல்லாம் கொப்புளம். தேங்கிய சரக்கு கரைந்தது. ஆனால் ரயில்வேயிடமிருந்து பணம் மட்டும் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று இழுத்தது. தொழிலாளிகள் கடனில் வாங்கி ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தார்கள். கார்பெட்டும் ஒரு வேளைதான் சாப்பிட்டார். கடைசியில் ஒருநாள் நள்ளிரவில், மறுநாள் மதியத்தோடு வேலை நிற்கும் என்று மேலிடத்துக்குத் தந்தி அடித்தார். மறுநாளே காவலோடு பண மூட்டை வந்து இறங்கியது.

கான்ட்ராக்ட் வேலையில் சம்பளம் தள்ளிப்போவது என்றால் என்னவென்று மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கார்பெட் கதையில் எனக்குப் புலியைவிட இந்தத் தந்திதான் பிடிக்கும்.

இன்னொரு விஷயம், சமாரி. தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட சமூகத்தில் இருந்து வேலை தேடி வந்த மனிதர். நிலக்கரி இறக்கும் கூட்டத்துக்கு அவரை மேஸ்திரியாக்கினார் கார்பெட். மற்ற சாதிக்காரர்களும் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள். பின்னாளில் காலரா வந்து சமாரி இறந்தபோது, அவருடைய இறுதி ஊர்வலத்துக்குச் சாதி பார்க்காமல் பெரும் கூட்டம் திரண்டது.

தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக கார்பெட்டும் ராம்சரணும் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஆனால் எல்லா சாதிப் பிள்ளைகளும் ஒரே குடிசைக்குள் உட்காரக் கூடாது என்று பிரச்னை. ராம்சரண் என்ன பண்ணினார்? குடிசையின் பக்கச் சுவர்களை எடுத்துவிட்டார். சுவர் இல்லாவிட்டால் அது வெறும் கொட்டகைதானே, கொட்டகையில் எல்லோரும் உட்காரலாமே! செம ஐடியா இல்ல? சாதியை அது ஒழிக்கவில்லைதான். ஆனால் பசங்க படித்தார்கள். கொஞ்சம் பேரோடு ஆரம்பித்த பள்ளி ஏறக்குறைய 200 பிள்ளைகள் வரை வளர்ந்தது.

லீவு போட்டுப் போன வேட்டை

அப்போ புலி எங்கே வருது? லீவில்! நிஜமாகத்தான். மொகாமா காட்டில் வேலை, விடுமுறையில் குமாவோன் மலை. 1907-ல் அப்படி வந்திருந்தபோதுதான் சம்பாவத் பெண்புலியின் வேலை அவரிடம் வந்தது. நேபாளத்தில் 200 பேர், குமாவோனில் 236 பேர் என்று மொத்தம் 436 உயிர்கள் அதன் கணக்கில் எழுதப்பட்டிருந்தன. ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு நாள்கணக்கில் வெளியே வராமல் கிடந்தார்கள்.

கார்பெட் இரண்டு நிபந்தனை வைத்தார். புலியின் தலைக்கு அரசு அறிவித்த பரிசுத் தொகையை ரத்து செய்ய வேண்டும். காட்டில் இருக்கும் மற்ற வேட்டைக்காரர்களை வெளியே அனுப்ப வேண்டும். காசுக்காகச் சுடுகிறவர் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். பின்னால் இருந்து யாராவது தவறுதலாகச் சுட்டுவிடும் ஆபத்தும் வேண்டாம். தாசில்தார் கிட்டத்தட்ட 300 கிராமத்து ஆட்களைத் திரட்டி வந்து சத்தம் எழுப்பி விரட்ட, கார்பெட்டின் தோட்டாக்கள் தீர்ந்துபோக, கடைசியில் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கித்தான் கதை முடிந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். செத்துக் கிடந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கம் மேலும் கீழும் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாததால்தான் அது மனிதர்களிடம் வந்திருந்தது. புலி இயல்பிலேயே மனிதனைத் தின்னும் மிருகம் இல்லை, காயமோ முதுமையோதான் அதை அந்த நிலைக்குத் தள்ளுகிறது என்று அவர் கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்ததற்கு ஆரம்பம் இங்கேதான்.

ருத்ரபிரயாக் சிறுத்தை இன்னும் கொடுமை. கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் 8 வருஷம் நடமாடியது. அரசுக் கணக்கில் 125 பேர் பலி. ராத்திரி ராத்திரியாகக் காத்திருந்து, 1926 மே மாதம், குலாப்ராயில் ஒரு மாமரத்தின் மேல் இருந்து அதைச் சுட்டார். கடைசி ஆட்கொல்லி தக் கிராமத்தில், 1938-ல். அப்போது அவருக்கு வயது 63.

நடுவில் முதல் உலகப்போர். 1917-ல் 500 குமாவோன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு பிரான்ஸ் போனார். அங்கேயும் தொழிலாளர் படைதான்!

எல்லாம் நல்லவர்தானா?

இல்லை. ஆட்கொல்லிகளை மட்டும்தான் சுட்டார் என்று யூடியூப்பில் சொல்வதை நம்பாதீங்க. 1930-ல் பவல்கர் காட்டில் அவர் சுட்ட பிரமாண்டமான ஆண்புலி யாரையும் கொன்றதில்லை. பெரிய புலி என்பதுதான் அது செய்த தப்பு. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று பேச ஆரம்பித்த பிறகும் வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவர் அவர். கிராமத்து மனிதர்கள் மேல் அன்பு இருந்தது, அதே அளவுக்கு பிரிட்டிஷ் ராஜ்ஜியத்தின் மேல் விசுவாசமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

ஆனால் மனுஷன் மாறினார். வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் எடுத்த புலிப் படங்களைப் பார்த்து கேமரா பக்கம் திரும்பினார். மூவி கேமரா ஓடும் சத்தத்துக்கே புலி ஓடிவிடும். அதனால் ஓடையில் குட்டிக் குட்டி அணைகள் கட்டி, தண்ணீர் விழும் சத்தத்தில் கேமரா சத்தத்தை மறைத்தார். மாதக்கணக்கில் காத்திருந்து புலிகளைப் படம் பிடித்தார். நாம என்னடான்னா மூணு மணி நேர சஃபாரியில் புலி வரலைன்னா ஒன் ஸ்டார் ரிவ்யூ போடுறோம்.

1936-ல் ஐக்கிய மாகாண கவர்னர் மால்கம் ஹெய்லி பெயரில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா வந்தது. எல்லையை வகுக்க உதவியவர் கார்பெட். 1944-ல் வெளியான 'மேன்ஈட்டர்ஸ் ஆஃப் குமாவோன்' உலகம் முழுக்க விற்றது. முதல் பதிப்பின் ராயல்டியைப் போரில் பார்வை இழந்த இந்திய வீரர்களுக்குக் கொடுத்தார்.

1947 நவம்பரில், 72 வயதில், அக்கா மேகியோடு கென்யாவுக்குக் கிளம்பினார். இருவருமே திருமணம் செய்துகொள்ளவில்லை. சுதந்திர இந்தியாவில் தங்களைப் போன்றவர்களுக்கு இடம் இருக்காது என்ற பயம். பிறந்த மண்ணைப் பார்த்து அப்படிப் பயப்பட வேண்டியிருந்திருக்காது என்பது என் கருத்து. போகும் முன், காலாதுங்கிக்குப் பக்கத்தில் தான் வாங்கி வளர்த்த சோட்டி ஹல்த்வானி கிராமத்தின் நிலங்களை அங்கே பயிர் செய்தவர்களுக்கே விட்டுவிட்டார்.

கென்யாவின் நியேரியில் கடைசிக் காலம். 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே ட்ரீடாப்ஸ் மரவீட்டில் தங்கிய இரவில் கார்பெட்டும் உடன் இருந்தார். அந்த இரவில்தான் இங்கிலாந்தில் மன்னர் இறந்து, எலிசபெத் ராணியானார். 1955 ஏப்ரல் 19 அன்று மாரடைப்பில் கார்பெட் இறந்தார். கல்லறை நியேரியிலேயே இருக்கிறது. அடுத்த சில வருஷங்களில், இங்கே பூங்காவுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 1973-ல் புராஜெக்ட் டைகர் திட்டம் தொடங்கியதும் அதே காட்டில்தான்.

சரி, எப்போ போகலாம்?

பூங்காவுக்கு வாசல் ராம்நகர். டெல்லி வரை ஃப்ளைட்டோ ரயிலோ, அங்கிருந்து ராம்நகருக்கு ரயில் இருக்கு. ராம்கங்கை ஆற்றை ஒட்டிய திகாலா பகுதி நவம்பர் நடுவில் திறந்து ஜூன் நடுவில் மூடிவிடும். உள்ளேயே வனத்துறை விடுதியில் இரவு தங்க வேண்டுமென்றால் ரொம்ப முன்கூட்டியே புக் பண்ணணும். பிஜ்ரானி அக்டோபரில் திறக்கும். ஜிர்னா, தேலா பகுதிகள் மழைக்காலத்திலும் திறந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் காலை சஃபாரி என்றால் பனிமூட்டமும் நடுக்கும் குளிரும். நம்ம ஊர் ஸ்வெட்டர் அங்கே செல்லாது. ஏப்ரல், மே வெயில்தான். ஆனால் தண்ணீர் வற்றி விலங்குகள் ஆற்றுப் பக்கம் வரும் நேரம், திகாலா புல்வெளியில் யானைக் கூட்டங்களைப் பார்க்கலாம். புக்கிங்கை அரசு இணையதளத்திலேயே போடுங்க, ஒரிஜினல் அடையாள அட்டையை மறக்காதீங்க.

ராம்நகரில் இருந்து நைனிடால் போகும் வழியில் ஏறக்குறைய 30 கி.மீ தூரத்தில் காலாதுங்கி. கார்பெட்டின் குளிர்கால வீடு இப்போது மியூசியம். பக்கத்திலேயே சோட்டி ஹல்த்வானி. பன்றிகளும் மான்களும் பயிரை அழிக்காமல் இருக்க ஊரைச் சுற்றி அவர் எழுப்பிய கல் சுவரைப் பார்க்கலாம்.

இதையெல்லாம் நண்பனுக்கு நீளமாக வாய்ஸ் நோட்டில் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. நாலு சஃபாரி போட்டிருந்தார்களாம், ஒன்றைக் குறைத்துவிட்டு காலாதுங்கிக்கு ஒரு பகல் ஒதுக்கியிருக்கிறார்கள். மொகாமா காட் எந்தப் பக்கம், அங்கே ஒரு ட்ரிப் அடிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறான். டெல்லியில் இருந்து அது வேற திசைடா, அதுக்குத் தனியா லீவு போடணும்னு சொல்லியிருக்கேன்.