இரு அரசுகளின் அச்சம்

அரச குருதியே ஒருவருக்குச் சிறையாகிவிடும் என்பதற்குக் கொரிய இளவரசி தொக்ஹேயின் வாழ்வையே நான் சான்றாகக் கொள்வேன்.

ஜப்பான் கொரியாவை இணைத்துக்கொண்ட ஈராண்டில், 1912இல், சியோலில் அவர் பிறந்தார். அரியணை இழந்திருந்த பேரரசர் கோஜோங்கின் கடைசி மகள். 1919இல் தந்தை மறைந்தார். 1925இல், கல்வியின் பெயரால், 12 வயதுச் சிறுமியை ஜப்பானுக்குக் கொண்டுசென்றனர். 1929இல் தாயும் இறந்தார். தொடர்ந்து மனநோய் பற்றியது. ஆயினும், 1931இல் ஜப்பானியப் பிரபு சோ தாகேயுகிக்கு மணமுடித்துவைத்தனர். மறு ஆண்டு ஒரு மகள் பிறந்தாள்.

1945இல் கொரியா விடுதலை பெற்றது. இளவரசிக்கு அது வாய்க்கவில்லை. டோக்கியோ மனநல மருத்துவமனையில் ஆண்டுகள் கழிந்தன. மணவாழ்வு முறிந்தது, மகளும் காணாமற்போனாள். முடியாட்சி மீளுமோ என்று அஞ்சிய சிங்மன் ரீ அரசு, அரச குடும்பத்தாரின் வருகையை விரும்பவில்லை. அவ்வாட்சி வீழ்ந்த பிறகு, 1962இல்தான் தாயகத்துக்கே மீண்டார். சியோலின் சாங்தொக் அரண்மனை வளாகத்தில் 1989இல் மறைந்தார்.

அடிமைப்படுத்திய அரசு அவரை ஓர் அடையாளமாகக் கருதிக் கொண்டுசென்றது. விடுதலை பெற்ற அரசோ அதே அடையாளத்துக்கு அஞ்சிக் கதவடைத்தது. நோயுற்ற ஒரு பெண்ணாக அவரை இரண்டுமே காணவில்லை. வரலாறு அவருக்கு இழைத்த பெருந்தீங்கு இதுவே என்பேன்.