கழற்றிப் பூட்டிய மேதை

பழைய வீடியோ விளையாட்டுக் கருவியைப் பிரித்து, தானே செய்த பெட்டிக்குள் பொருத்த நினைக்கும் செவ்வாய்ப்பேட்டைப் பையனுக்கு முன்னோடி பக்கத்துச் சீமையிலேயே இருந்தார். அவர்தான் கோவை ஜி. டி. நாயுடு.

1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். படிப்பு ஏறவில்லை. வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டதும் ஆசை பிடித்துக்கொண்டது. ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார், வண்டியை வாங்கினார். ஓட்டித் திரிந்தாரா? அக்கக்காகக் கழற்றினார்! மீண்டும் பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம்.

பின்னாளில் சிறு மோட்டாரையும் பாட்டரியையும் கைக்கு அடக்கமான கூட்டில் வைத்துச் சவரக் கருவி செய்தார். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் 2,000 ரூபாய்க் கார் தயாராயிற்று. சர்க்கார் லைசென்சு தரவில்லை! 1974-ல் நாயுடு கண்மூடும்வரை அந்தக் கார் கடைத்தெருவுக்கு வரவேயில்லை.