ஜேம்ஸ் அஷரும் இஞ்ஞாசியார் மடல்களின் மூலபாடமும்

உலகம் கி.மு. 4004ஆம் ஆண்டில் படைக்கப்பட்டது எனக் கணித்தவர் என்ற அளவிலேயே ஜேம்ஸ் அஷர் (1581–1656) இன்று நினைக்கப்படுகிறார். மூலபாட ஆய்வில் அவர் நிகழ்த்திய அரும்பணியை அக்கணிப்பு மறைத்துவிட்டது.

அஷர் டப்ளினில் பிறந்தவர். 1592இல் நிறுவப்பெற்ற டிரினிட்டி கல்லூரியின் தொடக்ககால மாணவர். சமயப் பிளவு அவர் குடும்பத்திற்குள்ளேயே இருந்தது. தாய்மாமன் ரிச்சர்ட் ஸ்டானிகர்ஸ்ட் கத்தோலிக்கக் குருவாகி, 1615இல் மருமகனுக்கு எதிராக நூலொன்று வெளியிட்டார். திருச்சபைத் தந்தையர் அனைவரும் உரோமையின் பக்கமே நிற்கின்றனர் என வாதிட்ட தாமஸ் ஸ்டேப்பிள்டனின் நூலை அஷர் இளமையில் கற்றார். மறுப்பெழுத அவர் விரையவில்லை. தந்தையர் நூல்கள் முழுவதையும் தாமே படித்துச் சரிபார்க்கத் துணிந்து, இருபதாம் அகவையில் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகளில் அப்பணியை முடித்தார்.

அந்தியோக்கிய இஞ்ஞாசியாரின் மடல்கள் அன்று பெரும் பூசலுக்குரியனவாய் இருந்தன. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரோமைக்குக் கொலைத்தண்டனைக்காகக் கொண்டு செல்லப்பட்ட வழியில் அவர் எழுதியவை இவை. ஆயரின் அதிகாரத்தை அவை அழுத்தமாக வற்புறுத்துவதால் கத்தோலிக்கர் போற்றினர். கால்வின் போலியென்று தள்ளினார். யூசேபியஸ் ஏழு மடல்களையே குறித்திருக்க, 1557இல் அச்சேறிய கிரேக்கப் பதிப்பில் பன்னிரண்டு இருந்தமை ஐயத்தை வளர்த்தது. ஆர்மா நகரின் பேராயரான அஷரோ சீர்திருத்தத் திருச்சபையினர். ஆயர் முறையையும் ஏற்றவர். 1641இல் மில்டன் அம்முறையைத் தாக்கியபோது இம்மடல்களையும் சாடினார். ஆகவே இவ்வாய்வில் அஷருக்குத் தன்சார்பு இல்லையெனல் இயலாது. ஆயினும் அவர் கையாண்ட சான்று சார்புக்கு அப்பாற்பட்டது.

யூசேபியஸ், தியோடரெட் ஆகியோர் காட்டும் இஞ்ஞாசியார் மேற்கோள்கள் அச்சுப்பாடத்தோடு பொருந்தவில்லை. ஆனால் லிங்கன் ஆயர் ராபர்ட் குரோசடெஸ்ட் முதலிய இடைக்கால ஆங்கில ஆசிரியர் சிலரின் மேற்கோள்கள் அப்பழம்பாடத்தோடு ஒத்திருந்ததை அஷர் கண்டார். எனவே திருந்திய பாடத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பு ஒன்று இங்கிலாந்தில் எங்கோ இருத்தல் வேண்டும் என உய்த்துணர்ந்தார். தேடியபோது இரு கையெழுத்துப்படிகள் கிட்டின. ஒன்று கேம்பிரிட்ஜில் கீஸ் கல்லூரியில் இருந்தது. மற்றது நாரிச் ஆயர் ரிச்சர்ட் மாண்டேகுவின் நூலகத்தில் இருந்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1644இல் ஆக்ஸ்போர்டில் பதிப்பு வெளிவந்தது. இடைச்செருகல்களும் போலி மடல்களும் வேறு பிரிக்கப்பட்டன. ஈராண்டுகளில் ஐசக் வோசியஸ், புளோரன்சுச் சுவடியிலிருந்து கிரேக்கக் குறும்பாடத்தை வெளியிட, அஷரின் ஊகம் உறுதியாயிற்று.

பொலிக்கார்ப்புக்கு எழுதிய மடலை மட்டும் அவர் ஏற்கவில்லை. எரோணிமுசின் கூற்றொன்றுக்கு அளவுமீறி இடங்கொடுத்ததன் விளைவு இது. பின்வந்த ஆய்வுலகம் பெரும்பாலும் ஏழு மடல்களையும் ஏற்றது.

அஷர் 1656இல் மறைந்தார். ஆயர் முறையை ஒழித்த ஆட்சியின் தலைவரான கிராம்வெல்லின் ஆணைப்படியே அவருடல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பூசல் அவரோடு அடங்கவில்லை. 1666இல் பிரெஞ்சுச் சீர்திருத்த அறிஞர் ஜான் தய்யே மடல்கள் அனைத்தையும் மறுத்தார். 1672இல் ஜான் பியர்சன் அவருக்கு விரிவான மறுமொழி எழுதினார். மாண்டேகுவின் படி பின்னர்த் தொலைந்துபோயிற்று. அஷர் தம் பதிப்பில் குறித்துவைத்த பாடவேறுபாடுகளின் வழியாகவே அதனை இன்று அறிகிறோம்.