திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை

திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (ஆகஸ்ட் 27, 1898 - டிசம்பர் 12, 1956) தமிழ்நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற நாதசுவரக் கலைஞர் ஆவார். நாதசுவரச் சக்கரவர்த்தி என்று இசை அன்பர்களால் அழைக்கப்பட்டவர். தோடி இராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிப்பதில் இவருக்கு இணையில்லை என்பர். உச்சத்தில் ஒலித்த திமிரி நாதசுவரத்தைக் கைவிட்டு, சுருதி தாழ்ந்த பாரி நாதசுவரத்தைக் கச்சேரிக்குரிய கருவியாக நிலைநிறுத்தியவர் இவரே. இதனால் மேல் ஸ்தாயியில் தங்கி நின்று பாடுவது போல வாசிப்பதும், களைப்பின்றி நெடுநேரம் வாசிப்பதும் நாதசுவரக் கலைஞர்களுக்கு எளிதாயின.

இளமையும் பயிற்சியும்

இராஜரத்தினம் பிள்ளை குப்புசாமி பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகனாகத் திருவாவடுதுறையில் பிறந்தார். அன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். இளம் வயதிலேயே தந்தையை இழந்ததால், தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதசுவர வித்துவானாக விளங்கியவர்.

இவர் முதலில் பயின்றது வாய்ப்பாட்டு ஆகும். வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயரிடம் பாட்டுப் பயின்ற பின்னரே, அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதசுவரம் கற்றார். பாட்டில் தொடங்கிய இந்தப் பயிற்சி இவரது வாசிப்பில் கடைசி வரை தெரிந்தது. மூச்சை எங்கே எடுப்பது, எங்கே சேமிப்பது, ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது என்பவற்றைப் பாடகர் தம் உடலிலேயே உணர்ந்து கற்கிறார். அந்த அறிவோடு கருவியை எடுத்தவர் இவர்.

கருவியும் உடல் உழைப்பும்

இவர் செய்த மாற்றத்தின் பயனை அறிய, நாதசுவரம் ஒலிக்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். நாதசுவரத்தில் சீவாளி, கெண்டை, உலவு, அணசு ஆகிய உறுப்புகள் உள்ளன. உலவு என்னும் நீண்ட மரக்குழல் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. கொறுக்கைத் தட்டையால் செய்யப்படும் சீவாளியை உதடுகளுக்கு இடையில் பிடித்து ஊதும்போது அது அதிர்ந்து ஒலி பிறக்கிறது. டிரம்பெட் முதலிய மேலைநாட்டுப் பித்தளைக் கருவிகளில் உதடுகளே அதிர்கின்றன. நாதசுவரத்தில் உதடுகள் சீவாளியை அடக்கி ஆள்கின்றன. எனினும் இரண்டிலும் மேலே செல்லச் செல்ல உதட்டின் இறுக்கமும் காற்றின் அழுத்தமும் கூட வேண்டும்.

நாதசுவரத்தில் விரல்களால் மூடித் திறக்கும் துளைகள் ஏழு. இந்த ஏழு துளைகளைக் கொண்டே ஏறத்தாழ இரண்டரை ஸ்தாயி வரை வாசிக்கின்றனர். ஒரு ஸ்தாயிக்கு மேல் போக வேண்டுமானால் அதே துளைகளை வைத்துக்கொண்டு காற்றை வலுவாகச் செலுத்த வேண்டும். மேலும், கமகங்களும் நுண்ணிய சுர வேறுபாடுகளும் விரலைப் பாதி திறப்பதாலும் காற்றின் அளவை மாற்றுவதாலுமே பிறக்கின்றன. ஆகவே, களைத்த உதடு முதலில் இழப்பது மேல் ஸ்தாயியையும் சுருதிச் சுத்தத்தையும் ஆகும்.

சீவாளியின் தன்மையும் இதில் பங்கு வகிக்கிறது. கடினமான சீவாளி மேல் சுரங்களுக்கு உதவினாலும் உதட்டை விரைவில் களைக்கச் செய்யும். மிகவும் இளகிய சீவாளியில் ஊதுவது எளிது. ஆனால் மேலே சுருதி நில்லாது. கலைஞர்கள் பல சீவாளிகளைக் கருவியோடு கட்டித் தொங்கவிட்டிருப்பது இதனால்தான்.

திமிரியிலிருந்து பாரிக்கு

இராஜரத்தினம் பிள்ளையின் இளமைக் காலத்தில் பெருவழக்கில் இருந்தது திமிரி என்னும் குட்டையான நாதசுவரம். அதன் சுருதி ஏறத்தாழ 4 முதல் 5 கட்டை வரை இருந்தது. கோயில் வீதிகளில் சுவாமி புறப்பாட்டின்போது நெடுந்தொலைவு கேட்க அந்தக் கூர்மையான ஒலி ஏற்றதாக இருந்தது. ஆனால் அடிப்படைச் சுருதியே உயரமாக இருந்தமையால், மேல் ஸ்தாயியில் நீண்ட நேரம் சஞ்சரிப்பது கலைஞரின் உதட்டையும் மூச்சையும் மிகவும் வருத்தியது. அரங்கில் அமர்ந்து கேட்போர்க்கும் அவ்வொலி கடுமையாகப் பட்டது. சுத்த மத்தியமம் திமிரியில் சரியாகப் பேசாததும் ஒரு குறையாக இருந்தது.

இராஜரத்தினம் பிள்ளை நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாதசுவரத்தை நாடினார். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் வாழ்ந்த கருவி வினைஞர் ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்தியமம் சரியாகப் பேசும் பாரி நாதசுவரத்தை இவருக்காக உருவாக்கினார். இதன் சுருதி ஏறத்தாழ 2½ கட்டை ஆகும்.

இம்மாற்றத்தில் இழப்பும் இருந்தது. நீண்ட குழலுக்குக் காற்று அதிகம் வேண்டும். துளைகளுக்கு இடையே தொலைவு கூடுவதால் விரல்களை அகல விரிக்க வேண்டும். வீதியில் நெடுந்தொலைவு கேட்கும் கூர்மையும் குறையும். ஆனால் சுருதி தாழ்ந்ததால் மேல் ஸ்தாயிச் சுரங்கள் முன்பைவிடக் குறைந்த அழுத்தத்தில் கைவந்தன. திமிரியில் தொட்டுவிட்டு இறங்க வேண்டியிருந்த சுரத்தில், பாரியில் தங்கி நிற்க முடிந்தது. மேலே சென்று நிலைப்பதற்காகக் கருவியைக் கீழே இறக்கியதே இவரது வழி எனலாம்.

இவ்வகை நெருக்கடி நாதசுவரத்துக்கு மட்டும் உரியதன்று. இவரது சமகாலத்தவரான அமெரிக்க டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் (1901-1971) உச்ச சுரங்களை இடைவிடாது வாசித்து உதடு புண்பட்டதால், 1930களில் சில காலம் வாசிப்பை நிறுத்தி ஓய்வெடுக்க நேர்ந்தது.

தோடி இராகம்

தோடி 72 மேளகர்த்தா இராகங்களுள் எட்டாவதாகும். இதன் காந்தாரம் முதலிய சுரங்கள் அசைவோடு இசைக்கப்படுபவை. அந்த அசைவுகளைக் குரலில் காட்டுவதே கடினம். துளைக் கருவியில் அவற்றை விரலாலும் காற்றாலும் ஒருசேர உருவாக்க வேண்டும். நாவால் தட்டி வாசிக்கும் துத்துக்காரத்தைவிட, மூச்சு அறாமல் பாடுவது போல் ஒலிக்கும் அகாரமும் விரைந்த பிருகாக்களும் இவரது வாசிப்பில் மேலோங்கி நின்றன. கீழ் ஸ்தாயியில் தொடங்கிப் படிப்படியாக மேலேறி, ஒவ்வொரு சுரத்திலும் நின்று விரிக்கும் இவரது ஆலாபனையை விடிய விடியக் கேட்டவர்கள் உண்டு.

இவர் வாசித்த தோடி இசைத்தட்டாகவும் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று மணித்துளிகளே பதிவு செய்ய இயலும். இன்று கிடைக்கும் அப்பதிவுகளைக் கேட்போர், அவை இவரது திறனின் சுருக்கமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கச்சேரி மேடை

அந்நாளில் நாதசுவரக் கலைஞர்கள் நின்றும் நடந்தும் வாசிப்பதே வழக்கம். கோயில் திருவிழாக்களிலும் திருமண ஊர்வலங்களிலும் இரவு முழுதும் வாசித்த அவர்களுக்கு, பாடகருக்குரிய மதிப்பு அளிக்கப்படவில்லை. மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை இராஜரத்தினம் பிள்ளை வற்புறுத்திப் பெற்றார். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டதும், கோட்டு முதலிய உடைகளை அணிந்ததும் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டன. அமர்ந்து வாசிக்கும் கச்சேரிக்குப் பாரியின் தாழ்ந்த ஒலியே பொருத்தமாக அமைந்தது. எனவே கருவி மாற்றமும் கலைஞரின் மதிப்புக்கான போராட்டமும் ஒன்றோடொன்று இணைந்தவை ஆகும்.

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவருக்குத் தவில் வாசித்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர். இராஜரத்தினம் பிள்ளை திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கியதோடு, இலங்கையிலும் கச்சேரிகள் நிகழ்த்தினார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1940 இல் வெளியான காளமேகம் திரைப்படத்தில் கவி காளமேகமாக நடித்தார். 1947 ஆகஸ்டில் இந்திய விடுதலையையொட்டி ஆதீனத்தின் சார்பில் தில்லி சென்ற குழுவினருடன் சென்று நாதசுவரம் வாசித்தார்.

1955 இல் சங்கீத நாடக அகாதமி விருது இவருக்கு வழங்கப்பட்டது. சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது இவருக்குக் கிடைக்கவில்லை.

மறைவும் தாக்கமும்

இராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் தமது 58 ஆவது வயதில் காலமானார்.

இவரது மாணவர்களுள் காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) மிகவும் புகழ் பெற்றவர். 1962 இல் வெளியான கொஞ்சும் சலங்கை திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலிப்பது அருணாசலத்தின் நாதசுவரமாகும். நாதசுவரம் குரலுக்கு நெருங்கி நிற்க முடியும் என்பதற்கு அப்பாடல் எளிய சான்று. பிற்காலக் கச்சேரி மேடைகளில் பாரி நாதசுவரமே பொது வழக்காயிற்று. நரசிங்கம்பேட்டை நாதசுவரத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.