ஆபிரகாம் பண்டிதர்

நமது கோவிலில் ஆர்மோனியம் பழகும் பிள்ளைகள் ஷார்ப்புகளின் வரிசையை எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி என்றும், பிளாட்டுகளை அதற்கு நேர் தலைகீழாகவும் உருப்போடுகிறார்கள், மறுவாரமே மறந்தும்விடுகிறார்கள். அவர்களுக்கு உதவக்கூடிய ஒருவரின் சரித்திரம் இது.

ஆபிரகாம் பண்டிதர் 1859-ம் ஆண்டு தென்காசிக்கு அருகே சாம்பவர்வடகரையில் பிறந்தார். புரொட்டஸ்டாண்டுக் கிறிஸ்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, பின்பு தஞ்சையில் சித்த வைத்தியராய்ப் பெரும் பொருள் ஈட்டினார். அப்பொருளைச் சங்கீத ஆராய்ச்சிக்குத் தாராளமாய்ச் செலவிட்டார். 1912-ல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களைக் கூட்டி மாநாடுகள் நடத்தினார்.

சுருதிகள் 22 என்பது பலரின் கொள்கை. பண்டிதரோ 24 என்றார். எதிர்ப்புக்கு அஞ்சாமல் 1916-ல் பரோடா மாநாட்டில் தம் குமாரத்திகளைக் கொண்டே தம் கொள்கையை விளக்கினார். 1917-ல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். ச-விலிருந்து ப, அந்தப் ப-வையே ச-வாக வைத்து அதற்கொரு ப என்று சென்றால் பன்னிரண்டு சுரங்களும் பிறக்கும் என்ற பழந்தமிழ் முறையைச் சிலப்பதிகாரத்தின் துணைகொண்டு அதில் விளக்கினார். 1919-ல் காலமானார்.

பிள்ளைகளே, எஃப் ச-வானால் சி அதன் ப; சி ச-வானால் ஜி அதன் ப. இப்படியே பி வரை செல்லுங்கள். திரும்பி வந்தால் பிளாட்டுகள். ஏழு எழுத்தை உருப்போட வேண்டாம். ஓரடியை அறிந்தால் போதும்.

சர்வேசுரன் தந்த தாலந்தைப் பண்டிதர் மண்ணில் புதைக்கவில்லை. நாமும் புதைக்கலாகாது.